சுவரில் வரைந்த நிழல்கள்

அன்புள்ள அப்பா,

வெளிநாட்டில் போர் விமானம் பழுதுபார்க்கும் உங்கள் கொட்டகையில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் சுவரில் நிழல் வரைந்திருக்கும், ஒரு நிழல் வெறுமையானாலும் விமானம் பறக்காது என்று போன லீவில் சொன்னீர்களே. கிபிர் குண்டுவிமானத்துக்குப் பயந்து பங்கருக்குள் ஓடிய குடும்பத்துக்கு இப்படியொரு வேலை! சிரித்தேன். பிறகு சித்தப்பாவின் சாமான்களுக்கும் சுவரில் கரியால் நிழல் கீறினேன்.

நேற்று விடியக் கீரிக் கடற்கரையில் கடலும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. சித்தப்பா படகு இயந்திரத்தைத் திருத்திவிட்டுப் புறப்பட்டார். சுவரில் ஒரு ஸ்பானரின் நிழல் வெறுமையாக இருந்தது. ஓடிப்போய்ப் படகின் கயிற்றைப் பிடித்து, ஒரு ஸ்பானரைக் காணவில்லை என்றேன்.

"எங்கயடி ஒளிச்சு வச்சனி?"

"இந்த முறை நானில்லை, சித்தப்பா. இஞ்சின் மூடியைக் கழட்டிப் பாருங்கோ."

"உன்ர பகிடிக்கு மீன் காத்துக்கொண்டு நிக்காது. விடு!"

விடவில்லை. திட்டிக்கொண்டே கழற்றினார். உள்ளே சக்கரத்தின் மேல் ஸ்பானர் நித்திரை கொண்டது. சித்தப்பாவின் முகம் வெளிறியது.

"நீயே கொண்டுபோய்ச் சுவரில கொழுவு, மோள்" என்றார்.

கொழுவினேன்.

ஒரு பகிடியை உங்களுக்குச் சொல்லவில்லை. அந்த லீவில் நீங்கள் சுவரில் சாய்ந்து தூங்கியபோது உங்களைச் சுற்றியும் கீறிவிட்டேன். அம்மா அதை அழிக்கவிடவில்லை. மூன்று வருடமாக அந்த நிழல் வெறுமை. உங்கள் கொட்டகையின் விதி உங்களுக்குத் தெரியும்தானே, அப்பா.

உங்கள்
வாலில்லாக் குரங்கு