எண்ணெய்க் கையும் கறுப்பு ஃபில்டரும்

ஆடி 4, ஞாயிறு

லென்ஸில் திருகி மாட்டும் ஃபில்டரா, சட்டத்தில் செருகும் சதுர ஃபில்டரா என்று எனக்கும் ஸ்டூடியோ கூட்டாளி எஸ்தருக்கும் ஓயாத சண்டை. இன்று ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அதே கையோடு ட்ரைபாடுக்கு வந்தேன். அருவி படத்தில் பாலாக விழுவதற்காக, வெளிச்சத்தைக் குறைத்து ஒரே படத்தை அரை நிமிடம் பதிய விடும் கறுப்பு ஃபில்டரை இரண்டு பேரும் போட்டிருந்தோம்.

குரங்கு ஒன்று ஒருவரின் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. எஸ்தர் சதுரத்தைச் சட்டென்று உருவிவிட்டுக் குரங்கைப் படம் பிடித்துவிட்டாள். எனக்குத் திருகத் திருக வழுக்கியது.

"எண்ணெய்க் கையோட திருகினா எப்படிலே கழலும்? சதுரத்த வாங்குன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன்லா!" என்று எஸ்தர் கத்தினாள்.

ஆத்திரத்தில் கறுப்போடேயே அழுத்தினேன். இப்போதுதான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். குரங்கைக் காணோம். குளித்த கூட்டமெல்லாம் புகையாகக் கரைந்துவிட்டது. துண்டு போன திகைப்பில் அசையாமல் நின்றவர் மட்டும் சிலை மாதிரித் தெளிவாக நிற்கிறார்!

எஸ்தருக்கு அனுப்பினேன். ஒரே வரிதான் பதில்: "நாளைக்கு எனக்கும் கொஞ்சம் எண்ணெய் கொண்டு வாலே."