ஒன்றாம் நம்பர் போட்ட தேர்தல்

மார்ச் 3

கடைசி நிறுத்தத்தில் இன்றும் கழிப்பறை இல்லை. ஆண் டிரைவர்களுக்குச் சுவர் இருக்கிறது. நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பஸ் ஓட்டுகிறோம். போன மாதம் எனக்குச் சிறுநீர்த் தொற்று. டாக்டரம்மா, "தண்ணி நிறைய குடிங்க" என்றார். நல்லாச் சொன்னீங்க போங்க.

சங்கக் கமிட்டியில் ஐந்து இடம். ஐந்திலும் தலைவர் கோஷ்டிதான். கழிப்பறை என்றாலே சிரிக்கிறார்கள்.

மார்ச் 8

தேர்தல் முறையை மாற்றப் பொதுக்கூட்டம். விகிதாசாரம் வேண்டும் என்றேன். அணி அணியாக நிற்போம், வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம். பணிமனையில் ஐந்தில் ஒருத்தர் பெண். ஒரு இடமாவது தேறும்.

எதிர்த்து எழுந்தது யார்? என் வீட்டுக்காரர். இங்கேயே மெக்கானிக். "ஒவ்வொரு இடத்துக்கும் பிடிச்சவருக்கு ஒண்ணு, அடுத்தவருக்கு ரெண்டுன்னு வரிசையா போடுவோம். கடைசியில நிக்கிறவரைக் கழிச்சு, அவருக்கு விழுந்த சீட்டுல ரெண்டு யாருக்குப் போட்டிருக்கோ அவருக்கு அந்த ஓட்டைக் கொடுப்போம். எல்லாருக்கும் ஓரளவு ஒத்துப்போறவர் வருவார். நீ சொல்றதுல ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க."

"ஓரளவு ஒத்துப்போறவன் கழிப்பறை கேட்பானா?" என்றேன். கை தூக்கச் சொன்னார்கள். அவர் முறைதான் ஜெயித்தது.

மார்ச் 9

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 21

தேர்தல். என் இடத்துக்கு மூன்று பேர்: நான், தலைவர், ஜால்ரா. ஜால்ரா என்பது மேலாளர் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற கிளார்க். ஆபீஸ்காரர்களும் மேலாளருக்குப் பயந்தவர்களும் மட்டும் அவர் பக்கம்.

முதல் சுற்றிலேயே ஜால்ரா ஜெயித்துவிட்டார். ஜால்ராவே சீட்டுகளை வாங்கி இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

அப்புறம் ஒரு மூத்த டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு போட்டா அவனுக்கு ஆப்புன்னு நினைச்சேம்மா."

எங்கள் பணிமனையில் ஒன்றாம் நம்பர் டியூட்டி என்றால் விடியுமுன் கிளம்பும் வண்டி. மேலாளருக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவர் பெயருக்கு நேரே ஒன்று விழும். வருஷக்கணக்காக அதைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஜால்ராவைப் பிடித்தவர்களும் ஒன்று, பிடிக்காதவர்களும் ஒன்று. எனக்கு மூன்று மூன்றாகக் கொட்டியிருக்கிறார்கள். பாசமாம்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிச்சு முடிச்சா அழுகை. அந்த மூணெல்லாம் ஒண்ணா இருந்திருந்தா - ச்சே.

மார்ச் 25

தேர்தல் செல்லாது. மறுபடி நடத்துகிறார்கள், விகிதாசாரத்தில். கொள்கைப் பிடிப்பெல்லாம் இல்லை, ஒரே ஒரு டிக் போட்டால் போதும் என்பதால். வீட்டுக்காரரும் கை தூக்கினார். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6

தலைவருக்கு இரண்டு, ஜால்ராவுக்கு இரண்டு, எங்கள் அணிக்கு ஒன்று. அந்த ஒன்று நான். பெண்கள் எல்லோரும் கட்டிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 12

இந்த ஐந்து பேர்தான் செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று கூட்டம் போட்டும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

தலைவர்: "முதல்ல ஷிப்ட் பிரச்சினை முடியட்டும். பாத்ரூமை அப்புறம் பார்த்துக்கலாம் தங்கச்சி."

ஜால்ரா: "நான் செயலாளரானா மேலாளர்கிட்ட ஒரு வார்த்தை போதும். இந்த மாசமே கட்டிடலாம் அக்கா."

இந்த ஆளு வரக்கூடாதுன்னுதானே இத்தனை பேர் ஒண்ணு போட்டாங்க?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "என் முறையில சமரசத்தை எல்லாரும் ஓட்டுச் சீட்டுலயே பண்ணிடுவாங்க. உன் முறையில அப்புறமா நீ ஒருத்தி பண்ணணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

ஏப்ரல் 13

பண்ணிட்டேன்.

ஏப்ரல் 30

கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை திறந்தாயிற்று. தாழ்ப்பாள் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. வாசலில் பளபளவென்று ஒரு பலகை: "செயலாளரின் அயராத முயற்சியால்". கீழே ஜால்ராவின் பெயர்.

எனக்கு ஓட்டுப் போட்ட பெண்களில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. கழிப்பறைக்கு மட்டும் தவறாமல் வருகிறார்கள். இன்று அவர்களில் ஒருத்தி வெளியே வர, நான் உள்ளே போனேன். கதவை மட்டும் எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.