இடுப்பில் மணல் கட்டி வந்த மைத்துனருக்கு

நலம் பெருகுக, நாடு தழைக்க. கருவேங்கை நாடு முழுதும் ஒரு குடைக்கீழ்க் காத்து, வேங்கைக்கொடி உயர்த்தி, மூதூர்க் கோட்டையில் வீற்றிருக்கும் நன்னெடுவேள் ஆகிய நாம், ஈச்சங்குன்றத்துக் காவலரும், நம் உடன்பிறந்தாள் பூங்குழை நாச்சியாரின் கணவரும், இளமை தொட்டு நம்மோடு ஒரே கலத்தில் உண்டவருமான கடம்பரையருக்கு விடுக்கும் ஓலை. உமது குன்றின் சுனைகள் வற்றாதிருக்க, ஆநிரை பெருகுக, குடிகள் நோயின்றி வாழ்க. இவ்விடத்தில் உம்மையும் வாழ்த்துவதே மரபு என்று, நாம் சொல்லச் சொல்ல எழுதும் ஓலைநாயகம் நினைவூட்டினார். நாவு எழவில்லை, அடுத்த வரிக்குப் போகுமாறு கட்டளையிட்டோம்.

நீராட்டு விழாவில் நடந்ததை ஊரே கண்டது. தெப்பத்தில் கால் வைக்கையில் நீர் வழுக்கி விழுந்தீர். பிள்ளைப் பருவத்தில் மடுவைக் குறுக்கே நீந்திக் கடந்த கடம்பரையர் கல்லைப் போல அடியில் போய்க் கிடந்தார். காவலர் விழித்து நிற்க, இந்தப் பருத்த உடலோடு நாமே குதித்தோம். இருட்டுநீரில் உமது இடுப்பைப் பற்றியபோது கைக்கு அகப்பட்டவை மணல் நிரப்பிய தோற்பைகள். எவனோ பகைவன் உம்மைக் கொல்லக் கட்டிவிட்டான் என்றுதான் அப்போதும் நினைத்தோம், பேதைகள் நாம்! உடைவாளால் அறுத்தெறிந்து கரையேற்றியபோது நம் தோளில் கிடந்தது பாதிக் கடம்பரையர். வயிறு ஒட்டி, தோள் இறுகி, மல்லனைப் போன்ற உடல். கண் விழித்தீர். நம்மைப் பார்த்தீர். விளக்கு வைக்கும் முன்பே குதிரையேறி ஓடிவிட்டீர்.

நாம் செய்த சூளுறவு விளையாட்டன்று என்பதை நீர் அறிவீர். உடற்பாரம் குறைந்தாலன்றி, நம் மகள் அல்லியங்கோதை முடி சூடும் வயதை எய்தும்வரை நமது மூச்சு தாங்காது என்று அரண்மனை மருத்துவர் தழுவனார் முகத்துக்கு நேரே சொன்னார். தாயை இழந்த பிள்ளைக்குத் தகப்பனும் இல்லாமற் போவதா என்று நாம் கலங்கி நின்றபோது, அன்று நம் அளவே பருத்திருந்த நீர்தான் கையைப் பற்றி, இருவரும் சேர்ந்தே மெலிவோம் என்றீர். கொற்றவை முன்னிலையில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். முழுநிலாத் தோறும் இருவரும் துலாத்தட்டில் ஏறி நிற்பது என்றும், ஒருவரிடம் ஒருவர் ஒளிப்பதில்லை என்றும் சொன்னவரும் நீரே.

முதல் ஆண்டு முழுதும் தட்டிலிருந்து எடைக்கல் இறங்கிக்கொண்டே வந்தது. நெய்யைக் குறைத்தோம், பொங்கலைக் குறைத்தோம், மாலைதோறும் நந்தவனத்தைச் சுற்றி வந்தோம், உடல் கேட்டது. பிறகு சென்ற கார்காலத்தில் நின்றது. அதே உணவு, அதே நடை, அசையாத தட்டு. பிழை நம்முடையதே என்று எண்ணி ஒருவேளைச் சோற்றை விட்டோம். அசையவில்லை. இருவேளை விட்டோம். அசையவில்லை. விருந்துக்கு வந்த தூதுவர்கள் எதிரே அதிரசம் உண்ண, நாம் நீர்மோரை வைத்துக்கொண்டு புன்னகை செய்தோம். பசியில் உறக்கம் போயிற்று, சிடுசிடுப்பு வந்தது, ஒரு காரணமும் இன்றி யானைப்பாகனைத் திட்டினோம். ஒவ்வொரு முழுநிலாவிலும் நமக்குப் பின் நீர் தட்டில் ஏறினீர். உமது தட்டும் அசையவில்லை. அது ஒன்றே நமக்கு ஆறுதலாக இருந்தது, கடம்பரையரே.

தை மாதத்தில் நாம் மயங்கி விழுந்ததை மறந்திருக்க மாட்டீர். மகளைத் தூக்கிக்கொண்டு மாடத்தில் நின்ற நாம் கண் இருண்டு சாய்ந்தோம். குழந்தையின் நெற்றி தூணில் மோதிப் பிளந்தது. ஓடி வந்து எம்மை மடியில் கிடத்தியவர் நீர். முகத்தைத் துடைத்து, உமக்கும் இதே கதிதான் என்றும், இது நம் இருவர் உடம்பின் வாகு என்றும், பொறுத்திருப்பதன்றி வேறு வழியில்லை என்றும் காதோடு சொன்னவரும் நீர். அந்த நேரத்திலும் உமது இடுப்பில் மணல் இருந்தது! வழி தெரிந்த வாயால் வழியில்லை என்றீர். பிள்ளையின் இரத்தத்தைக் கண்டுகொண்டே சொன்னீர். 'துரோகம்' என்ற சொல்லைத் தவிர்க்கலாமே என்று ஓலைநாயகம் எழுத்தாணியை நிறுத்திக் கேட்கிறார். தவிர்க்க வேண்டா, எழுதும் என்றோம். துரோகம்.

நீராட்டு விழாவின் மறுநாளே உமது மனைவி வந்து நம் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதே கார்காலத்தில் உமக்கும் எடை நின்றதாம். நீர் உணவை மேலும் குறைக்கவில்லையாம். கொள்ளும் பயறும் கீரையும் மீனுமாக நண்பகலில் வயிறார உண்டு, பொழுது சாய்ந்தபின் அடுப்படிப் பக்கமே போகவில்லையாம். பழகிப்போன நந்தவன நடையை விட்டுக் குன்றின் படிகளில் ஏறி, மற்போர்க் களத்தில் கல் தூக்கினீராம். அவைதோறும் தரும் தேன்பானகத்தையும், கணக்கில் சேராமல் வாய்க்குள் போகும் முந்திரியையும் பனங்கற்கண்டையும் நிறுத்தினீராம். நேரத்தோடு உறங்கினீராம். ஒரு திங்கள் ஒன்றும் ஆகவில்லை. மறு திங்கள் எடை இறங்கத் தொடங்கியதாம். அன்று நீர் குழந்தையைப் போலக் குதித்தீர் என்று சொல்லும்போது நம் தங்கை அழுகையினூடே சிரித்தும்விட்டாள்.

பிறகு உமக்கு வந்ததாம் அச்சம். சிற்றரசரின் மாடம் பேரரசரின் மாடத்தினும் தாழ்ந்திருக்க வேண்டும், குடை சிறுத்திருக்க வேண்டும், முரசு மெல்ல ஒலிக்க வேண்டும் என்பது நம் நாட்டு முறை. அவ்வாறிருக்க, அரசனால் இயலாத ஒன்றை இயற்றிக் காட்டுவது அவமதிப்பாகாதோ என்று உமது அமைச்சர் ஓதினாராம். நீரும் தலையாட்டி, குறைந்த எடைக்கு ஈடாக மணலைக் கட்டிக்கொண்டு தட்டில் ஏறினீராம். குடையும் முரசும் ஊருக்காக வைத்த முறை. நம் இருவருக்கும் நடுவே எப்போது ஐயா முறை பார்த்தோம்? கண்ணில் மண்ணைத் தூவுவார் உலகில் உண்டு. இடுப்பில் கட்டி எடுத்து வந்து தூவியவர் நீர் ஒருவரே.

தழுவனாரை அழைத்துக் கேட்டோம். மெலிந்த உடல் முன்னிலும் குறைவான உணவிலேயே காலம் தள்ளக் கற்றுக்கொள்ளும் என்றும், மேலும் பட்டினி போட்டால் முற்றுகைக்கு உள்ளான கோட்டை களஞ்சியத்தைப் பூட்டுவதுபோல் பூட்டிக்கொண்டு தசையைத் தின்னும் என்றும், நின்ற எடை தோல்வியன்று என்றும் அவர் சொன்னார். இதை முன்னரே சொல்லியிருக்கலாமே என்று கேட்டோம். இருவேளை உணவை விட்டதை நாம் அவரிடம் மறைத்தோமாம், அதுவும் மெய்யே. போகும்போது இன்னொன்றும் சொன்னார். அவ்வளவு மணலைச் சுமந்து அரண்மனைப் படி ஏறி இறங்கியதே உம்மை இன்னும் இறுகச் செய்திருக்குமாம். அட, இது என்ன நியாயம்! எமக்கு இழைத்த வஞ்சனையிலும் உமக்கு ஆதாயமா!

உமது குன்றைப் பறித்துக்கொள்ளுமாறு முதலமைச்சர் அறிவுறுத்தினார். உமது கொடியை இறக்குமாறு படைத்தலைவர் வேண்டினார். இரண்டையும் மறுத்தோம். குன்று போனால் உமக்கு வலிக்காது என்பதை நாம் அறிவோம். ஆகவே நம் ஆணை இது. இவ்வோலை கண்ட அளவில் பல்லக்கும் குதிரையும் பரிவாரமும் இன்றிப் புறப்பட்டு, வளர்பிறை முதல்நாள் விடியலில் மூதூர்க் கீழைவாயிலில் நிற்கக் கடவீர். அங்கிருந்து மலைக்கோட்டை உச்சி வரை நாள்தோறும் நமக்கு முன்னே நடக்கக் கடவீர். அரசனுக்கு முன்னே எவரும் நடவாத நாடு இது. காண்போர் நகைக்கட்டும், முறை கெட்டது என்று ஏசட்டும். அந்த ஏச்சைச் சுமப்பதே உமக்குத் தண்டனை. நடந்தபின் நண்பகலில் நம்மோடு அமர்ந்து வயிறார உண்ணவும் கடவீர்.

வேங்கை இலச்சினை இட்டு, ஓலைநாயகம் மருதங்கிழார் எழுத, நன்னெடுவேள் திருவாய் மலர்ந்த ஆணை. மீறினார் நம் நாட்டு நீரும் நிழலும் இழப்பர்.

இலச்சினைக்குக் கீழே எழுதும் வழக்கம் இல்லை. மருதங்கிழாரை வெளியே அனுப்பிவிட்டு என் கையாலேயே எழுதுகிறேன். அடே கடம்பா, உன்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்போது ஆறும் என்றும் தெரியாது. ஆனாலும் நீ வா. பாதி மலையில் எனக்கு மூச்சு வாங்கும், நான் நின்றுவிடுவேன். அப்போது எனக்காக நீயும் நின்று, உனக்கும் முடியவில்லை என்று மட்டும் சொல்லாதே. திரும்பிப் பார்க்காமல் நட. நான் வருவேன்.