நான் உட்கார்ந்த எல்லைக் கல்

என் அருமைத் தம்பி,

முதலில் ஊர்ப்பேச்சைத் திருத்திவிட்டு மற்றதை எழுதுகிறேன். நான் மறைவாக மீன் தின்பதாக மேச்சேரியில் பேசிக்கொள்கிறார்கள். உன் மச்சான் போன நாளிலிருந்து என் அடுப்பில் மீனோ கறியோ ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும். நான் மீன் பிடிக்கிறேன், தின்பதில்லை. சிறியதாக இருந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். பெரியதை வண்டிக்கார மாரப்பன் தன் வீட்டுக்குக் கொண்டுபோவான்.

இரண்டாவது பேச்சு இதைவிட நீளமானது. மீன் இலாகா இன்ஸ்பெக்டரான நீ, லைசென்சு இல்லாத அக்காளின் தூண்டிலையே பிடுங்கிக்கொண்டாயாம்; அந்தக் கோபத்தில் நான் கடைசிவரை உன்னோடு பேசவில்லையாம். உன் கருமாதியில்கூட ஒருவர், உன்னைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு, இதை என் காதுபடச் சொன்னார். என்னிடம் லைசென்சு இருந்தது. அது முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தூண்டிலை ஒரு மாதம் எடுத்து வைத்தாய், ரசீது தந்தாய், மாதம் முடிந்த அன்று காலையில் திருப்பிக் கொடுத்தாய். நீ செய்தது சரி. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

நாம் பேசாமல் இருந்ததும் இல்லை. சந்தை நாள்தோறும் நீ வந்து காபி குடித்துவிட்டுத்தான் போனாய். ஆனால் நமக்குள் முடிக்காமல் விட்ட பேச்சு ஒன்று உண்டு. அதை முடிக்கத்தான் எழுதுகிறேன். இது பத்திரிகைக்கும் போவதால், உனக்குத் தெரிந்தவற்றையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

மாசி தொடங்கினால் அணையில் நீர் இறங்கும். நீர் விலகிய மண்ணில் அறுகும் கோரையும் முளைக்கும். பர்மிட்டு உள்ள ஆட்டுக்காரர்கள் அங்கே செம்மறி மேய்க்கலாம். ஆனால் நீரின் விளிம்பு வரை போகக் கூடாது. விளிம்பில் மீன்குஞ்சுகள் ஒதுங்கும், தூண்டில் லைசென்சு உள்ளவர்கள் உட்காருவார்கள். ஆகவே நடுவில் ஓர் எல்லை வேண்டும். நீர் இறங்க இறங்க அந்த எல்லையும் இறங்க வேண்டும். அதற்கு உன் இலாகா கண்டுபிடித்த வழி, சுண்ணாம்பு பூசிய ஒரு கல். எங்கள் ஊர் நீர்த்துறைக்கு ஒரே கல்தான். திங்கள்கிழமைதோறும் வாச்சர் வந்து, கரைமேல் இருக்கும் சர்வே கல்லிலிருந்து அடி அளந்து, வெள்ளைக் கல்லை நீர்ப் பக்கமாக இறக்கி வைத்து, அளவை ரெஜிஸ்டரில் எழுதுவார். கல்லுக்கு மேலே ஆடு, கல்லுக்குக் கீழே தூண்டில். எழுத்து அறியாதவருக்கும் விளங்குகிற சட்டம். மூன்று கோடை அது ஒழுங்காக நடந்தது. நான்காவது கோடையில் நான் கெடுத்தேன்.

அது பங்குனி மாதம், ஞாயிறு மாலை. என் மடக்கு நாற்காலியின் கால் வண்டியிலேயே முறிந்துவிட்டது. தரையில் உட்கார என் முழங்கால் ஒப்பாது. ஒப்பினாலும், அக்கம்பக்கத்துத் துறைகளில் ஆட்கள் பார்க்க நான் சேற்றில் உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த வெள்ளைக் கல்லை உருட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

“அது கவர்மெண்டு கல்லுங்கம்மா,” என்றான் மாரப்பன்.

“தெரியும் மாரப்பா. எந்திரிக்கறப்ப இருந்த எடத்துலயே வெச்சறலாம்.”

“கல்லுக்குச் சொல்லீருங்க. எனக்கு மறந்துபோகும்.”

எழுந்தபோது கல்லை இருவருமே மறந்தோம். காரணம் ஒரு கெண்டை. ராகிக் களி உருண்டையைக் கவ்விக்கொண்டு அது நூலை இழுத்துப் போன வேகத்தை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன். கான்வென்டில் எனக்கு இங்கிலீஷும் தையலும் கற்பித்த கன்னிகாஸ்திரீ சனிக்கிழமைகளில் மலை ஏரியில் தூண்டில் போடுவார். அவரும் அந்த அளவில் ஒரு மீன் பிடித்து நான் பார்த்ததில்லை. மாரப்பனுடைய இரண்டு கையிலும் மீன் இருந்தது. கல் நாற்பது அடி கீழே, நீரோரத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் திங்கள். செல்லப்பன் தன் செம்மறிகளோடு துறைக்கு வந்தான். அணை வருவதற்கு முன்பு அதே மண்ணில் அவனுடைய தகப்பன் கம்பு விதைத்தவன். இப்போது பர்மிட்டு வாங்கி மேய்க்கிறான். வெள்ளைக் கல் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தான். திங்கள்கிழமைதானே, வாச்சர் விடியலிலேயே வந்து இறக்கி வைத்துவிட்டார் என்று நினைத்தான். வேறு என்ன நினைப்பான்? கல் வரைக்கும் ஆடுகளை விட்டான்.

அன்று வாச்சரோடு நீயும் போனாய். சர்வே கல்லிலிருந்து அளந்து பார்த்தீர்கள். எல்லை மீறி மேய்ப்பது சிறிய குற்றம்; எல்லைக் கல்லை நகர்த்துவது பெரிய குற்றம். செல்லப்பனின் பர்மிட்டை அங்கேயே வாங்கிக்கொண்டு, ரெஜிஸ்டரில் அவன் பெயருக்கு எதிரே ‘கல்லை நகர்த்தியவன்’ என்று எழுதினாய். அப்படி எழுதப்பட்டவனுக்கு மறுபடியும் பர்மிட்டு கிடையாது.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னாய். சொல்லி முடித்ததும், காபியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாய்.

“அந்தக் கல்ல நாந்தான் உருட்டச் சொன்னேன்,” என்றேன்.

“எதுக்குங்கக்கா?”

“உக்கார்றதுக்கு.”

“நெசமாலுமா?”

“உன்றகிட்டப் பொய் சொல்லி எனக்கென்ன ஆகோணும்?”

நீ பையிலிருந்து நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேசைமேல் விரித்து வைத்தாய்.

“இதுல எழுதிக் குடுங்க. அவன் பேரச் சேத்துனது எழுத்து. எடுக்கறதும் எழுத்தாத்தான் இருக்கோணும்.”

“என்ற வாய்ச்சொல்லு பத்தாதா?”

“எனக்குப் பத்துமுங்க. ரெஜிஸ்டருக்குப் பத்தாது.”

“எழுதுனா?”

“அவனுக்குப் பர்மிட்டு வந்துருமுங்க. உங்க லைசென்சு போயிரும். இந்த வருசத்துக்கு மட்டுமில்ல, எப்பவுமே.”

“யோசிச்சுச் சொல்றேன் சாமி,” என்றேன்.

யோசிக்க என்ன இருந்தது? மரியாதையான குடும்பத்துப் பெண், அரசாங்கக் கல்லை உட்காருவதற்காக உருட்டினேன் என்று கையெழுத்துப் போட முடியுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. கையெழுத்துப் போட என் கை கூசியிருக்காது. எனக்குத் தூண்டில் வேண்டியிருந்தது. உன் மச்சான் போன பிறகு, யாருக்கும் பதில் சொல்லாமல் நான் உட்காரும் இடம் அந்தத் துறை ஒன்றுதான். ஒரு மனிதனுடைய பிழைப்புக்கும் என் மாலைப்பொழுதுக்கும் நடுவே நான் என் மாலைப்பொழுதைப் பிடித்துக்கொண்டேன். இதை அழகாகச் சொல்ல வழி இருந்தால் சொல்லியிருப்பேன்.

நீ மறுபடி கேட்கவே இல்லை. சந்தை நாளில் வருவாய், பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைப்பாய், காபி குடிப்பாய், வீட்டுச் செய்தி பேசுவாய், போய்விடுவாய். இலாகாத் தாள் அல்ல. கடையில் நீ வாங்கிய தாள். அவற்றை நான் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். கிழிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. ஒரு நாள் மட்டும், “நாளைக்கு ஊட்டுல தாளு வெக்க எடமிருக்காதுங்க,” என்றாய். நான் பேச்சை மாற்றினேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

இனி இங்கத்திய செய்தி. யுத்தத்தால் நல்ல தூண்டில் நூல் கிடைப்பதில்லை. வாச்சர் லைசென்சு கேட்டால், விடுமுறையில் வருகிற சோல்ஜர்கள் அவரிடம் சிகரெட்டை நீட்டுகிறார்கள். அவர் வாங்குவதில்லை, உன் பழக்கம் அவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் நாற்காலிக்கு வேறொருவர் வந்திருக்கிறார். ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் பார்ப்பார். அது அவர் குற்றம் அல்ல. செல்லப்பன் ஆடுகளை விற்றுவிட்டான். ஊரார் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிக் கொடுக்கிறான். அவன் மனைவி குமாரபாளையத்தில் தறிக்காரர் வீடொன்றில் நூல் சுற்றுகிறாள். ஆளுக்கு ஓர் ஊரில் இருக்கிறார்கள். இந்த மாசிக் கடைசிக்குள் பர்மிட்டு கிடைத்தால், அவன் மைத்துனன் பத்து ஆடு வாரத்துக்கு, குட்டியில் பங்கு என்ற பேச்சில், விடுவதாகச் சொல்லியிருக்கிறானாம். கிடைக்காவிட்டால் அவனும் குமாரபாளையத்துக்கே போய்விடுவான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன சந்தையில் வண்டிக் காளைக்குக் கயிறு வாங்கப் போயிருந்தேன். யாருடையவோ மூன்று செம்மறிகளைப் பிடித்துக்கொண்டு செல்லப்பன் நின்றான். கல் நகர்ந்ததிலிருந்து இந்த ஐந்து வருடமும் நான் அவனைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். அன்று திரும்ப இடமில்லை. இரண்டு பக்கமும் ஆடு.

“ஏனுங்கம்மா, கெண்ட ஏதாச்சும் மாட்டுச்சுங்களா?” என்றான்.

பக்கத்தில் நின்ற வியாபாரி சிரித்தார். “அம்மணி மீனப் புடிச்சு, புத்திமதி சொல்லி, திருப்பி உட்டுப்போடுவாங்கப்பா. அடுத்த மீனு திருந்தித்தான் வருது.”

செல்லப்பன் சிரிக்கவில்லை. “எழுதிட்டீங்களாங்கம்மா?” என்றான்.

“எதை?”

“அய்யா சொன்ன கடுதாசிங்க.”

எனக்கு விளங்கவில்லை. அவன் ஆட்டுக் கயிற்றைக் கை மாற்றிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னான்.

“அன்னிக்கு அய்யா எழுதி முடிச்சதுக்கப்பறம் பாத்தனுங்க, கல்லச் சுத்தி ராயிக்களி உருண்டையாக் கெடந்துது. ஆட்டுக்காரன் களிய உருட்டித் தண்ணியோரத்துல போடுவானுங்களா? அய்யாகிட்டக் காட்டுனேன். குனிஞ்சு ஒண்ண எடுத்து மோந்து பாத்தாங்க. பொழுதெறங்க எங்க பட்டிக்கு வந்தாங்க. ‘இது எங்கக்கா வேல. அவுங்க எழுதிக் குடுப்பாங்க. எழுதாம இருக்க மாட்டாங்க, பொறுத்துக்க’ன்னாங்க. அதான் பொறுத்துட்டிருக்கறனுங்க.”

“அய்யாதான் போயிட்டாரே,” என்றேன்.

“நீங்க இருக்கறீங்களேங்கம்மா.”

கயிறு வாங்காமலே வீடு திரும்பினேன்.

அப்படியானால், தம்பி, நீ அன்று எனக்குச் செய்தி சொல்ல வரவில்லை. மடித்த தாள் பையில் இருந்ததே, அதை அப்போது நான் யோசிக்கவில்லை. களியில் பெருங்காயம் கலப்பது இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். மோந்து பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நானாகச் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் வந்தாய். நானும் சொன்னேன். பாதி நம்பிக்கை பலித்தது என்று நினைத்திருப்பாய். மீதிப் பாதிக்காக ஐந்து வருடம் தாள் சுமந்தாய்.

உன்னிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தெரிந்த பிறகு நீயே ஏன் எழுதவில்லை? மாரப்பனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவன் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான். என் தூண்டிலை ஒரு மாதம் பிடித்து வைத்த கைதானே அது? அக்காளை எழுதவைக்க வேண்டும் என்று நீ காத்திருந்தாய். அந்தக் காத்திருப்பின் கூலியைச் செல்லப்பன் கொடுத்தான். குற்றம் என்னுடையது. ஆனால் முழுவதும் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. நீ இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்வாய்?

இனி, நீ கேட்டபடி:

நான்காவது கோடையில், பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், எங்கள் துறையின் வெள்ளையடித்த எல்லைக் கல்லை, உட்காருவதற்காக, என் சொல்லின்பேரில் என் வண்டிக்காரன் மாரப்பன் நாற்பது அடி கீழே உருட்டினான். அதைத் திருப்பி வைக்கத் தவறியவள் நான். மறுநாள் ஆடு மேய்த்த செல்லப்பன் அவர்கள் கல்லைத் தொடவில்லை. கல் இருந்த இடத்தை எல்லை என்று நம்பினார். இதை அறிந்தும் ஐந்து வருடம் எழுதாமல் இருந்தேன்.

இதை நீ வைத்துவிட்டுப் போன தாள்களில்தான் எழுதியிருக்கிறேன். ஓரம் கொஞ்சம் பழுத்திருக்கிறது, மை ஊறவில்லை. ஒரு பிரதி பத்திரிகைக்கு. கையெழுத்திட்ட மூலம் உன் அலுவலகத்துக்கு. அதனோடு தூண்டிலையும் லைசென்சையும் மாரப்பன் கொண்டுபோகிறான். தூண்டிலைச் சுருட்டிக் கட்டும்போது, “மீனுக்கெல்லாம் இனி ஆரும்மா புத்தி சொல்றது?” என்றான். ரசீது வாங்கி வரச் சொன்னேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். செல்லப்பன் ஆடுகளோடு துறையில் இறங்கும் முதல் திங்கள்கிழமை நானும் அங்கே வருவேன். கல்லுக்கு மேலே, ஆட்டுப் பக்கம் நிற்பேன். உட்கார மாட்டேன்.

உன் நாற்காலியில் இருப்பவரும் இதைப் படிப்பார். அவருக்கு ஒரு வரி. ரெஜிஸ்டரில் அந்தப் பெயர் அடிக்கப்பட்டதா, செல்லப்பனுக்குப் பர்மிட்டு உண்டா என்பதை மாசி முடிவதற்குள் தெரிவிக்கவும். ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். பதிலை எழுத்தில் தரவும்.

உன்னோடு பேச்சை நிறுத்தாத
உன் அக்கா