தேவதாருவா, சந்தனமா?

மார்ச் 3

அன்புள்ள தலைமை ஆசிரியை அம்மையாருக்கு,

மரக்கடை மேனேஜர் எழுதுவது. நலம். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை மூண்டுவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நம் மகள் போட்ட சட்டத்தை மதித்துப் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

ஒரு யோசனை வேண்டும். அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்காகச் சென்ட் வாங்கப் போனேன். சிரிக்காதே. கடைக்காரப் பெண் சென்ட் தெளித்த இரண்டு காகிதத் துண்டுகளை நீட்டினாள். ஒன்று தேவதாரு, இன்னொன்று சந்தனம். இருபத்தாறு வருஷமாக மரத்தூளை மூக்கில் அடைத்துக்கொண்டவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"சார் என்ன வேலை பண்றீங்க?"

"மரக்கடை."

"அப்புறம் எதுக்கு சார் காசு குடுத்து மரவாசனை?"

வியாபாரம் தெரியாத பெண்! மாடிவீட்டுப் பல் டாக்டரைக் கேட்கலாம். ஆனால் அவர் தலைக்கு அடித்த சாயத்தில் தலையணைதான் இளமையாகியிருக்கிறது.

உன் மூக்கு ஊரறிந்தது. நாலு வீடு தள்ளிப் பால் அடிப்பிடித்தாலும் எழுந்து உட்காருவாய். துண்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீலக்கோடு போட்டது தேவதாரு. ஒன்றைச் சொல்.

இப்படிக்கு,
மரமண்டை (நீ கொடுத்த பட்டம்தான்)

மார்ச் 9

மரமண்டை அவர்களுக்கு,

இரண்டையும் ஒரே கவரில் போட்டு அனுப்புகிற அறிவு உங்களைத் தவிர யாருக்கு வரும்? ஆறு நாள் உரசிக் கிடந்ததில் இரண்டுக்கும் ஒரே வாசனை. ஆசிரியர் அறையில் பிரித்துத் தொலைத்தேன். "லெட்டர் யாரு போட்டிருக்கா மேடம், கதவா?" என்கிறாள் கணக்கு டீச்சர்.

கல்யாணத்தன்றே பவுடர் போட மாட்டேன் என்று அடம்பிடித்தவர் நீங்கள். உங்கள் அக்கா வேறு போனில், "தம்பி கண்ணாடி முன்னாடியே நிக்கிறான், விசாரிச்சுக்கோ" என்றார். விசாரிக்கிறேன். யாருக்காகச் சென்ட்? உண்மையை எழுதவும். யோசனை பிறகு.

தலைமை ஆசிரியை

மார்ச் 14

அம்மையாருக்கு,

விழாவில் பெற்றோருக்கு அடுத்தடுத்த இரண்டு நாற்காலியாம். மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் பக்கத்தில் உட்காரப் போகிறேன். உனக்கு மாற்றல் வந்தபோது "போறதுன்னா போ" என்றேனே, அந்த வாய்க்கு எந்தச் சென்டும் போதாது. அது தெரியும். நீ நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி. அதற்காகத்தான்.

அக்காவிடம் மூச்சு விடாதே. அவள் நடமாடும் ஒலிபெருக்கி.

ம.ம.

மார்ச் 19

உங்களுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நானும் அன்றைக்குக் கதவை அறைந்து சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

சென்டைக் காகிதத்தில் முகர்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. தோலில் பூசி அரை நாளாவது பொறுத்தால்தான் அதன் குணம் தெரியும். விழா சனிக்கிழமை. நீங்கள் வியாழன் காலைப் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். இரண்டிலும் சின்ன பாட்டிலாக வாங்கி வாருங்கள். வியாழன் தேவதாரு, வெள்ளி சந்தனம். பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

எனக்குச் சட்டென்று முடிவெடுக்க வராது, உங்களுக்கே தெரியும். திரும்புகிற டிக்கெட்டை இப்போதே எடுத்து வைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி