மூன்றாவது நாடு

மார்ச் 4

இன்று டீவியில், வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒரு சின்ன நாட்டுத் தலைவரைப் பக்கத்தில் இருத்தி ஒப்பந்தம் போட்டார். இங்கே இருக்கவும் உரிமையில்லை, சொந்த நாட்டுக்கு அனுப்பவும் முடியாது என்பவர்களை இனி அந்த நாடு ஏற்றுக்கொள்ளும். முன்பிருந்தவர்கள் பேசியே காலத்தைக் கடத்தினார்கள். இவர் பேசினால் எதிரில் இருப்பவன் பேனாவை எடுக்கிறான்.

இவருடைய வாழ்க்கை வரலாற்றை இரண்டாம் முறை வாசிக்கிறேன். தகப்பன் சாகக் கிடந்தபோதும் தேர்தல் கூட்டத்தை விட்டு வராதவர். அப்படி இருந்தால்தான் நாடாளலாம்.

மனைவி பத்மராணி பாதியில் எழும்பிப் போய்விட்டாள்.

மார்ச் 9

அவளுடைய தம்பி சயந்தன் பல வருஷமாக எங்கள் மாடி அறையில் இருக்கிறான். இலங்கைக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று இங்கே நீதிபதி தீர்ப்புக் கொடுத்திருக்கிறார். கிரீன் கார்டு இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை இமிகிரேஷன் அலுவலகத்தில் முகம் காட்ட வேண்டும். இந்த முறை லோயரோடு போகட்டும் என்று இவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"தீர்ப்பு இலங்கைக்கு மட்டும்தானாம். வேற நாட்டுக்கு ஏத்தலாமாம்."

"குற்றம் செய்யாதவனுக்கு லோயர் எதுக்கு?" என்றேன்.

சயந்தன் சோற்றைப் பிசைந்தபடி, "அத்தான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றான்.

மார்ச் 17

நானே கொண்டுபோய் விட்டேன். ஃப்ரீவேயில் நல்ல நெரிசல். இறங்கும்போது, "பார்க்கிங்கில நிப்பீங்கள்தானே, அத்தான்?" என்று கேட்டான். நின்றேன். மத்தியானம் அவனுக்குப் பதிலாக ஓர் அதிகாரி வந்து அவனுடைய பெல்ட்டையும் போனையும் பையில் போட்டுத் தந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

மார்ச் 18

பத்மராணி சாப்பிடவில்லை. நான் என்ன செய்தேன்? கார் ஓட்டினேன்.

ஏப்ரல் 2

சயந்தனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஒப்பந்த நாட்டுக்கேதான். யாருடைய போனிலிருந்தோ எடுத்தான்.

"பழைய ஜெயில் ஒண்டில வச்சிருக்கினம், அத்தான். எங்கட பாஷை தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை."

"பழகிப்போகும். நான் டெக்சாஸுக்கு வரேக்க எனக்கு ஆரைத் தெரியும்?"

பத்மராணி போனைப் பறித்தாள். "நீங்கள் ஸ்கொலர்ஷிப்பில வந்தனீங்கள்," என்றாள், என்னைப் பாராமலே.

ஏப்ரல் 5

அமெரிக்கக் காங்கிரஸில் எங்கள் தொகுதி உறுப்பினரிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினாள். அவரை எனக்குத் தெரியும். போன தேர்தலில் எங்கள் ஊர் சுகர் லேண்டில் அவருக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவன் நான்.

"ஒருத்தனுக்காகச் சட்டத்தை வளைச்சா அது நாடில்லை," என்றேன்.

காலில் விழுந்தாள். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. காலை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

மே 11

அந்த நாடு அவனைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டது. இங்கே நீதிபதி போட்ட தடை அவர்களைக் கட்டுப்படுத்தாதாம். லோயர் சொன்னாராம் — இவள் எனக்குத் தெரியாமல் ஒருவரைப் பிடித்திருக்கிறாள். விமான நிலையத்துக்கு வெளியே இரண்டு பேர் அவனை ஒரு வேனில் ஏற்றியதைக் கண்டவர் உண்டு. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஒரு போன் எடுக்கேலாதோ உனக்கு? விசரன். எங்கயாவது ஒரு கடையில கேட்டு ஒரு போன் —

மே 12

ஒன்றுமில்லை.

ஜூன் 20

பத்மராணி கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் மதுஷாவிடம் போய்விட்டாள். தன் சேலைகளை விட்டுவிட்டு, பெட்டி நிறையத் தம்பியின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு போனாள். எப்போது எடுத்தாலும் மகள்தான் பேசுகிறாள். "ஷீ இஸ் ஸ்லீப்பிங், அப்பா." மத்தியானத்திலுமா?

செப்டம்பர் 7

கட்சி விருந்து. ஜனாதிபதி இன்னொரு நாட்டுத் தலைவரோடு கை குலுக்குவதைப் பெரிய திரையில் காட்டினார்கள். எல்லோரும் எழும்பிக் கை தட்டினோம். பக்கத்தில் நின்ற டொக்டர் நாகரத்தினம் என் காதருகே குனிந்தார்.

"உங்கட மனிசியின்ர தம்பி ஒருத்தர் உங்களோட இருந்தவரெல்லே. எங்க இப்ப?"

"எனக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை," என்றேன்.

கை தட்டல் ஓய்ந்தது. அவர் உட்கார்ந்தபடி என் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்து, "இருங்கோ, அரியரட்ணம். எல்லாரும் இருந்திட்டினம்," என்றார்.