திருநிறைச்செல்வியின் புள்ளி

அண்ணா,

இன்று காலை வீட்டுக்கு ஒரு புது மானிட்டர் வந்தது. அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்ததும் தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது புதுச் சாமானின் வாசனை. எனக்கு அது உங்கள் வாசனை. மலைமேல், ஒண்டிக்கடை முக்கில் இருந்த நம் கடைக்கு அந்தப் பெரிய மானிட்டரை வாங்கி வந்து நீங்கள் பெட்டியைப் பிரித்த நாளின் வாசனை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேசாமல் விட்டதையெல்லாம் பேசிவிட வேண்டும் போலிருக்கிறது. அழுகை வரவில்லை அண்ணா. கோபம்தான் வருகிறது.

நம்முடையது சின்னக் கடை. முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின், பின்பக்கம் ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும். ஜெராக்ஸும் லேமினேஷனும் நீங்கள். கல்யாணப் பத்திரிகை, ரிசார்ட்டுகளின் மெனு கார்டு, எஸ்டேட் காப்பித்தூள் பாக்கெட்டுக்கு லேபிள், இதெல்லாம் நான். அப்பா இறந்த பிறகு என்னைச் சேலத்துக்கு அனுப்பி டி.டி.பி. படிக்க வைத்தவர் நீங்கள். "பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சித்தப்பா கேட்டபோது, "எந்தங்கச்சி படிக்கட்டும். நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவரும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் நடந்ததைத் தாங்குவது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முதலில் நம்மிடம் இருந்தது சின்ன சதுர மானிட்டர். ஆனால் எழுத்து அதில் கத்தரித்து ஒட்டியது போலப் பளிச்சென்று நிற்கும். "ரோட்டுல போறவங்களுக்கே தெரியணும் கண்ணு. அப்பத்தான் கடைன்னு ஒரு மருவாதை" என்று சொல்லித்தான் அந்த அகல மானிட்டரை வாங்கினீர்கள். மேஜைமேல் அது மட்டும் எடுப்பாக இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் பெட்டியை நகர்த்தி ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் தள்ளினீர்கள். கேபிள் எட்டவில்லை. பழைய நீலத்தலை கேபிளோடு இன்னொரு கேபிளைச் சேர்த்து நீட்டிவிட்டீர்கள். திரை எரிந்ததும் தெருவிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். உங்கள் முகத்தில் அன்று இருந்த பூரிப்பு இப்போதும் கண்முன் நிற்கிறது.

நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் வலப்பக்கத்திலும் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வட்டம் போட்டால் முட்டையாகத் தெரிந்தது. மெய்யெழுத்தின் மேலே வைக்கும் புள்ளி எழுத்தோடு கரைந்து காணாமல் போயிருந்தது.

"எழுத்து கலங்கலாத் தெரியுதுங்ணா. புள்ளியே தெரிய மாட்டேங்குது."

"புதுசுல்ல கண்ணு? பழகுனாச் சரியாப் போயிரும்."

பழகவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மானிட்டரின் பட்டன் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன். கேபிளின் திருகாணியை இறுக்கினேன். திரையை ஈரத் துணியால் துடைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சிறிதாக்குவேன். சந்தேகம் வந்தால் ஒரு பிரின்ட் எடுத்துத் தாளில் படித்துத் திருத்துவேன். சாயங்காலமானால் புருவத்துக்கு நடுவில் ஆணி அடித்தது போல வலிக்கும். இரண்டு மாதம் உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு நாள் எரிச்சலோடு சொன்னீர்கள். "மானிட்டருக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் கண்ணு போயிருச்சு."

சேலத்துக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். கண் நன்றாக இருக்கிறது என்றார் அவர். வந்து உங்களிடம் சொன்னேன். "கூட்டத்துல சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க" என்று நீங்களே ஒரு கடைக்குக் கூட்டிப் போய் எனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தீர்கள். அதைப் போட்டால் தலைவலி கூடியது. ஆனாலும் போட்டுக்கொண்டேன். அண்ணன் சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு அந்தப் பத்திரிகை வந்தது. சமவெளியிலிருந்து வந்து இங்கே ஓட்டல் நடத்துகிறவர், தன் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தார். திரையில் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றார். பிரின்ட் எடுத்து ஒரு தடவை படித்துவிடுகிறேன் என்றேன். நீங்கள் விடவில்லை. "சேலத்துக்குப் போற பஸ்ஸு நிக்குது. பிரஸ்ஸுக்கு ஆளு போறான். குடுத்து உடு" என்றீர்கள். கொடுத்துவிட்டேன்.

அச்சாகி வந்த பத்திரிகையில் 'திருநிறைச்செல்வி' என்ற சொல்லில் ல் மேல் இருக்க வேண்டிய புள்ளி இல்லை. கல்யாணப் பெண் 'திருநிறைச்செலவி' ஆகிவிட்டாள். பெண்ணின் அப்பா பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து கல்லாமேல் போட்டார். கடையில் நல்ல கூட்டம்.

"ஏனுங்க, எம்புள்ள உங்களுக்குச் செலவிங்களா? சம்பந்தி ஊட்டுல படிச்சுட்டுச் சிரிக்கறாங்க. நான் என்னங்க பதில் சொல்றது?"

நான் எழுந்து வந்து மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கூப்பி அவரிடம் சொன்னீர்கள்:

"கோவிச்சுக்காதீங்க. தங்கச்சிக்குக் கண்ணு சரியில்லீங்க. கொஞ்ச நாளாவே அப்படித்தான். ஊட்டுல சும்மா இருந்தா மனசு ஒடஞ்சிரும்னுதான், பாவம், இங்க உக்கார வெச்சிருக்கறேன்."

அவர் கோபம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "அடடா, சின்ன வயசாச்சே சாமி" என்றார். நீங்கள் வேறு பத்திரிகை அடித்துத் தருவதாகச் சொன்னீர்கள். கடையின் பெயர் கெடாமல் தப்பியது. ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

அந்தச் சொல் மலையை விட்டு இறங்க அதிக நாள் ஆகவில்லை. குப்பனூரிலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்த மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணுக்குக் கண்ணு தெரியாதாமா" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் பதறிப்போய்க் குப்பனூருக்குப் போனீர்கள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, "உட்டுத் தள்ளு கண்ணு. அவங்களுக்குக் குடுத்து வெக்கல" என்றீர்கள். அங்கே என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னீர்களா, கொஞ்சம்தான் கோளாறு என்று சொன்னீர்களா? அந்த மாப்பிள்ளையின் முகம்கூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அவருக்காக நான் வருந்தியதும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது.

அடுத்த வாரமே என்னை வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னீர்கள். என் நாற்காலியில் அண்ணியின் தம்பி குமரேசன் வந்து உட்கார்ந்தான். நல்ல பையன். அவன்மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

ஒரு மத்தியானம் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். நீங்கள் எதற்கோ வெளியே போயிருந்தீர்கள். கூடையை மேஜைமேல் வைக்கும்போது திரை கண்ணில் பட்டது. ஏதோ ஒரு காதுகுத்துப் பத்திரிகை. எழுத்தெல்லாம் கல்லில் வெட்டியது போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றினேன். இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. 'ள்' மேல் ஒரு புள்ளி, 'ம்' மேல் ஒரு புள்ளி. நிழல் இல்லை. பக்கத்தில் போட்டிருந்த பூ வளையம் நல்ல வட்டமாக இருந்தது.

"என்ன குமரேசா பண்ணுனே?"

"நானொண்ணும் பண்ணலீங்கக்கா. வந்த புதுசுல எழுத்து ரெட்டை ரெட்டையாத் தெரியுதுன்னு மாமாகிட்டச் சொன்னேன். அன்னிக்கே மெக்கானிக்கை வரச் சொல்லிட்டாரு. தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டு, கேபிளும் வேற மாத்திட்டாங்க. பழைய போர்டுல இந்த மானிட்டருக்கு உண்டான அளவே வராதாமா. இருக்கற கொஞ்சத்தை இழுத்து இழுத்துக் காட்டுமாமா. அந்த ஒட்டுக் கேபிள்னாலதான் நிழலு அடிச்சுதாமா."

பிறகு, சும்மா பேச்சுக்குப் பேச்சாக, அவன் இன்னொன்றும் சொன்னான். "மானிட்டர் வாங்குன அன்னிக்கே அந்த மெக்கானிக்கு இதையெல்லாம் சொன்னாராமா. மாமாதான் அப்புறம் பார்த்துக்கலாம்னுட்டாராமா."

நீங்கள் உள்ளே வந்தீர்கள். என் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தீர்கள். திரையைப் பார்த்தீர்கள். குமரேசனை டீ வாங்க அனுப்பினீர்கள்.

"உங்களுக்கு அப்பவே தெரியுங்களாங்ணா?"

ஜெராக்ஸ் மெஷினில் தாளை அடுக்கினீர்கள். அடுக்கிய தாளையே மறுபடி எடுத்து அடுக்கினீர்கள்.

"அவன் மச்சினன் மொறை கண்ணு. வெளி ஊட்டுப் பையன். ஒரு குறை சொன்னா உடனே பார்த்தாகணும். இல்லீன்னா உங்கண்ணி ஊட்டுல பேச்சாயிரும். நீ நம்ம ஊட்டுப் புள்ள. பொறுத்துக்குவேன்னு நெனச்சேன்."

"ஊருக்கே கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்களேங்ணா. அதையும் பொறுத்துக்குவேன்னா?"

"கடைப் பேரு கெட்டா நாம எல்லாருந்தான் சோத்துக்கு நிக்கணும்." கூடையை என் பக்கம் தள்ளி, "சாப்பாடு ஆறுது. எடுத்து வை" என்றீர்கள்.

எடுத்து வைத்தேன் அண்ணா. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. குழம்பை ஊற்றி, பொரியலைத் தள்ளி வைத்து, தண்ணீர் டம்ளரை உங்கள் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அதன் பிறகு நான் உங்கள் கடைப் படி ஏறவில்லை. ஒரு ரிசார்ட்டின் ஆபீசில் வேலை கிடைத்தது. சாயங்காலங்களில் வீட்டில் உட்கார்ந்து டிசைன் செய்தேன். அதுவே மெல்லப் பெருகி, இன்று அதுதான் என் தொழில். பின்னால் வந்த சம்பந்தங்களை நானே வேண்டாம் என்றேன். பொங்கலுக்கு நீங்கள் கரும்போடு வருவீர்கள், நான் உங்கள் குழந்தைகளுக்குத் துணி எடுப்பேன். எல்லாவற்றையும் பேசினோம், இதைத் தவிர. என்றைக்காவது ஒரு நாள் நீங்களாக ஆரம்பிப்பீர்கள் என்று காத்திருந்தேன்.

நெஞ்சு வலி என்று உங்களைச் சேலத்தில் சேர்த்தபோது, அண்ணிக்கு முட்டி வலி என்று நான்தான் கூட இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் என்னைக் காட்டி, "யாருங்க இவிய?" என்று உங்களைக் கேட்டார்.

"எந்தங்கச்சிங்க. எம்மேல நொம்பப் பாசம். பாவம், சின்ன வயசுலயே கண்ணு சரியில்லாமப் போயிருச்சு. கல்யாணமும் அமையல. நாந்தான் பார்த்துக்கிட்டேன்."

ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஒரு சின்னத் தடுமாற்றம், ஒரு வெட்கம், ஏதாவது இருக்குமா என்று தேடினேன். இல்லை. நீங்கள் பொய் சொல்லவில்லை. கடையைக் காப்பாற்ற அன்று சொன்னதை இத்தனை வருஷத்தில் நீங்களே நம்பிவிட்டிருந்தீர்கள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்ணா" என்றேன்.

"ஆமா கண்ணு, ஆமா" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தீர்கள். பெரியவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தீர்கள், நான் மனம் நோகக் கூடாதே என்பது போல. அவரும் புரிந்துகொண்டு தலையசைத்தார். சில நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

பொய் சொல்கிறவரோடு சண்டை போடலாம். நம்பிவிட்டவரோடு எப்படிப் போடுவது? இழவுக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னையக் கண்ணு மாதிரி பார்த்துக்கிட்டாரே" என்று அழுதார்கள். நான் தலையை ஆட்டினேன். பார்த்துக்கொண்டீர்கள்தான். பள்ளிக்கூடம், துணிமணி, காய்ச்சலுக்கு மருந்து, எதிலும் குறை வைக்கவில்லை. நான் சொன்ன ஒன்றை மட்டும் நம்பவில்லை.

போன வாரம் வாழவந்திக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டு மங்கலாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கினேன். மறுபடி பார்த்தேன். முந்தானையால் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை இமையைச் சுருக்கிப் பார்த்தேன். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற பெண் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, பனி எறங்கிருச்சுங்க. ஆருக்குந்தான் தெரியல. எதுக்கு அந்தக் கண்ணைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க?"

சுற்றிலும் பார்த்தேன். எதிர்க் கடைகூடத் தெரியவில்லை. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் அண்ணா நான். பனி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? யார் எதைச் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னாலும் நான் உடனே நம்பிவிடுகிறேன். என்னை மட்டும் நம்புவதில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்ததில் இன்னும் தேயாமல் இருப்பது இதுதான்.

"ஆமாங்க, பனிதான்" என்று அவளிடம் சொன்னேன். பஸ் பக்கத்தில் வந்து நிற்கும்வரை என் கை கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் இருந்தது.